கடல் வெளிச்சம் யாருக்கு?



சென்ற ஏப்ரல் பாடசாலை விடுமுறையில் எமது தோட்டத்துப் பிள்ளைகள் இருபத்தாறு பேரைக் கொழும்புக்குக் கூட்டிப் போன விபரம் உங்களுக்குத் தெரியும். மிருகக்காட்சிசாலை, நூதனசாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று பார்த்ததையெல்லாம் பிள்ளைகளே வீட்டில் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் இரண்டாம் நாள் இராத்திரி ஹெந்தளையில் நடந்ததை மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லியிருக்கிறது. மேல் டிவிசன் லயங்களில் அது பிசாசுக் கதையாகவே பரவிவிட்டது. பயணத்தில் வந்த பிள்ளையொன்று இரண்டு கிழமையாகத் தூக்கத்தில் எழும்பி அழுகிறது என்று ஒரு தாய் எம்மிடம் வந்து முறையிட்டார். ஆகவே நடந்தது இன்னதென்று எழுத வேண்டியது எமது பொறுப்பாகிவிட்டது.

ஹெந்தளை என்பது வத்தளையை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் ஹமில்டன் கால்வாய், மறுபக்கம் கடல். நமது தோட்டங்களிலிருந்து போய்க் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்கிற பிள்ளைகள் பலர் அந்தப் பக்கத்தில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். கடற்கரை ஓரத்து மண்டபம் ஒன்றில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. இராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரம் கரண்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே புழுக்கம். நிலவும் இல்லை. பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போய், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லி விட்டோம்.

முதலில் கத்தியது எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று. “சேர், காலுக்குள்ள நெருப்பு!” என்றாள். பார்த்தால் உண்மைதான். அவள் கால் வைத்த இடமெல்லாம் நீலப் பொறி பறந்தது. அலை உடையும் இடத்தில் ஒரு மங்கலான நீலக் கோடு ஓடி ஓடி மறைந்தது. துணைக்கு வந்திருந்த பிள்ளை மடுவத்து ஆயாம்மா, “ஏய், வாங்க புள்ளைகளா கரைக்கு! கொள்ளிவாய்ப் பிசாசு!” என்று அலறி இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்தார். அழுகைச் சத்தம் கிளம்பியது. படகு அருகே வலை மடித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழும்பி வந்து சிரித்தார். “பயப்பட வேணாம் அம்மா. தண்ணி பூத்திருக்கு. இண்டைக்கு வலை போட்டா வலையும் இப்படித்தான் மினுங்கும்” என்று சொல்லித் தன் கையாலேயே தண்ணீரை அள்ளி வீசிக் காட்டினார். அதன் பிறகு பிள்ளைகளைக் கரையேற்றத்தான் பாடுபட்டோம்.

அந்தச் சந்தடியில் இரண்டு பேச்சு எமது காதில் விழுந்தது. ஒன்று அந்த எட்டாம் ஆண்டுப் பிள்ளை கேட்ட கேள்வி. “சேர், நாங்க இங்க வராட்டியும் இது மினுங்கும்தானே. அப்ப இந்த வெளிச்சம் யாருக்கு?” என்றாள். எமக்குப் பதில் தெரியவில்லை. மற்றது ஒரு பையனுடைய பேச்சு. எல்லோரும் “அந்தா, இந்தா” என்று துள்ளும்போது அவன் மாத்திரம், “எங்க? எனக்கு ஒன்னும் தெரியலையே” என்று நின்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து நாம் கவனிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறோம். அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் இதற்குள் பதில் இருக்கிறது. அந்தப் பையனுடைய விஷயமும் இதற்குள்தான் வருகிறது.

கடல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோடானுகோடி சின்ன உயிர்கள் மிதக்கின்றன. அவற்றில் மினுங்குகிறவை பல இனம். நமது கடல்களில் பேர்பெற்றது நொக்டிலூக்கா என்பது. ‘இரவு வெளிச்சம்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள். ஒரேயொரு உயிரணுதான் அதன் முழு உடம்பும். ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை இருக்கும். ஊறவைத்த சவ்வரிசியை இன்னும் சிறிதாக்கி ஒரு வால் வைத்தால் எப்படியோ, அப்படி. அதன் உடம்புக்குள் லூசிபெரின் என்றொரு பொருள் இருக்கிறது. அலை மோதியோ கால் பட்டோ உடம்பு நசுங்கினால், அந்தப் பொருள் காற்றிலுள்ள அதே ஒட்சிசனோடு சேர்ந்து ஒளி விடுகிறது. ஒரு மினுக்கு ஏறக்குறைய ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். சும்மா கிடக்கும் தண்ணீர் இருட்டாகவும், கலக்கினால் மாத்திரம் வெளிச்சமாகவும் இருப்பது இதனால்தான்.

நமது தேயிலைச் செடிகளுக்கு மேலே மழைக்காலத்து இரவில் பறக்கும் மின்மினிப் பூச்சியும் இதே விதமாகத்தான் ஒளி விடுகிறது. பூச்சியின் லூசிபெரின் வேறு வகை, முறை ஒன்று. மின்மினியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுடாது. குப்பி விளக்கில் சூடுதான் அதிகம், வெளிச்சம் கொஞ்சம். இந்த உயிர்களின் விளக்கிலோ சூடு என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை. நெருப்பு இல்லாத இடத்தில் கொள்ளி எங்கிருந்து வரும்?

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையில் டோர்ச் அடித்தால் சிறுத்தையின் கண் பச்சையாக எரிகிறதே, அது சிறுத்தை உண்டாக்கும் வெளிச்சமல்ல. அதன் கண்ணுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. நாம் அடித்த வெளிச்சத்தையே அது திருப்பி அனுப்புகிறது. சுறாமீனின் கண்ணிலும் அந்தப் படலம் உண்டு.

கேரளத்தில் கொச்சிப் பக்கம் இந்தக் கடல் மினுக்கத்தைக் ‘கவரு’ என்கிறார்கள். சென்னையில் 2019 ஆகஸ்டு மாதம் ஓர் இரவு திருவான்மியூர், பாலவாக்கம் கரைகளில் அலையெல்லாம் நீலமாக எரிய, சனம் திரண்டுபோய்ப் பார்த்தது. ஆகவே ஹெந்தளையில் நமது பிள்ளைகள் கண்டது உலகத்தில் நடக்காத அதிசயம் அல்ல.

இந்த விளக்குகளின் இரகசியத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒசாமு ஷிமோமுரா என்பவர் ஜப்பான்காரர். 1945 ஆகஸ்டு 9ஆம் திகதி நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு 16 வயது. நகரத்துக்கு ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு விடப்பட்டிருந்தார். யன்னல் வழியாக வந்த அந்த வெளிச்சம் பட்டுச் சற்று நேரம் கண் தெரியாமற் போய்விட்டது. யுத்தத்தால் படிப்பும் குழம்பியது. பிறகு எப்படியோ படித்து அமெரிக்கா போய், 1961ஆம் ஆண்டு கோடையில் ஒளிவிடும் சொறிமுட்டைகளை, இழுதுமீன் என்கிறோமே, அவற்றைப் பத்தாயிரக் கணக்கில் பிடித்து ஆராய்ந்தார். என்ன செய்தும் ஒளிப்பொருளைத் தனியே எடுக்க முடியவில்லை. ஒருநாள் மிச்சச் சாற்றைக் கழுவும் தொட்டியில் கொட்டினார். தொட்டி நீலமாகப் பளிச்சென்று எரிந்தது! தொட்டியில் கடல் தண்ணீர் இருந்திருக்கிறது. அதிலுள்ள கல்சியம்தான் விளக்கைக் கொளுத்தியது என்று அப்போது புரிந்தது. அந்தச் சொறிமுட்டையில் அவர் கண்ட இன்னொரு பச்சை ஒளிர்பொருள், இன்று உலகம் முழுவதும் வைத்திய ஆராய்ச்சியில் உயிரணுக்களுக்கு அடையாளம் போட உதவுகிறது. 2008இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். வெளிச்சம் யாருக்கு?

நொக்டிலூக்காவுக்குக் கண் கிடையாது. தன் வெளிச்சத்தைத் தானே பார்க்க முடியாத உயிர் எதற்காக விளக்குப் போடுகிறது? இதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் விளக்கம் நமக்கு இலேசாகப் புரியும். லயத்தில் இராத்திரி யாராவது கோழிக்கூட்டுப் பக்கம் வந்தால் நாய் குரைக்கிறது. நாய் கள்ளனைக் கடிக்காமல் போகலாம். ஆனால் குரைத்தால் வீட்டுக்காரன் எழும்புவான். அதுபோல, கடலில் இந்தச் சின்ன உயிர்களைத் தின்ன இறால் மாதிரியான பூச்சிகள் வருகின்றன. பூச்சி வந்து இடித்தவுடன் விளக்கு எரிகிறது. எரிந்தால் பூச்சி நிற்கும் இடம் பெரிய மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மீன் பூச்சியை விழுங்குகிறது, சின்ன உயிர் தப்புகிறது. மினுங்கும் தண்ணீரில் மீன்கள் அப்படிப் பூச்சிகளை அதிகமாகப் பிடிப்பதைத் தொட்டியில் வைத்துச் சோதனை செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, மகளே, அந்த வெளிச்சம் மீனின் கண்ணுக்கு.

மீனவப் பெரியவருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது. இப்படித் தண்ணீர் பூத்த இராத்திரியில் மீன் கூட்டம் ஓடும் தடத்தை வெளிச்சத்தை வைத்தே கண்டுபிடிக்கலாமாம். ஆனால் வலையும் மினுங்குவதால் மீனுக்கும் வலை தெரிந்துவிடுமாம். “ரெண்டு பேருக்கும் கண் இருக்கு தம்பி” என்றார்.

மீனின் கண் எப்படிப்பட்டது என்பதை நமது அடுப்படியிலேயே பார்க்கலாம். மீன் குழம்பில் தலையை எடுத்துக் கண்ணைப் பிரித்தால் வெள்ளையாக ஒரு சின்ன உருண்டை வரும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள். அது மீன் கண்ணின் வில்லை. உயிரோடு இருக்கையில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு அவிந்தால் எப்படி வெளுக்கிறதோ அப்படியே இதுவும் சூட்டில் வெளுத்துவிடுகிறது. நமது கண்வில்லை ஒரு பருப்பு மாதிரித் தட்டையானது. மீனுக்கு மாத்திரம் ஏன் உருண்டை? காற்றிலிருந்து வரும் ஒளியை நமது கண்ணின் முன்பக்கத் தோலே பெருமளவு வளைத்துக் கொடுத்துவிடுகிறது. தண்ணீருக்குள் அந்தத் தோலால் வளைக்க முடியாது, ஏனென்றால் அதுவும் தண்ணீர் மாதிரியே. ஆற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவது இதனால்தான். மீனுக்கோ வளைக்கிற வேலை முழுவதையும் வில்லையே செய்ய வேண்டியிருப்பதால் அது உருண்டு திரண்டிருக்கிறது.

வில்லைக்குப் பின்னால் விழித்திரை இருக்கிறது. மனிதருக்கும் மீனுக்கும் பொதுவான சங்கதி இங்கேதான் வருகிறது. விழித்திரையில் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. கூம்பு மாதிரி இருப்பவை பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். கோல் மாதிரி இருப்பவை மங்கலான வெளிச்சத்துக்கு. மனிதரின் ஒரு கண்ணில் கூம்புகள் சுமார் 60 இலட்சம், கோல்கள் சுமார் 12 கோடி. இருட்டுக்கென்று அவ்வளவு பேரை வேலைக்கு வைத்திருக்கிறது இயற்கை. கோலுக்குள் ரொடொப்சின் என்றொரு நிறப்பொருள் இருக்கிறது. ஒளி பட்டால் அது வெளுக்கும். மறுபடி ஊறிவர நேரம் எடுக்கும். பல்ப் எரியும் காம்பராவிலிருந்து இருட்டான இஸ்தோப்புக்கு வந்தவுடன் ஒன்றும் தெரியாமல், போகப் போகத் தெரிகிறதல்லவா? முழுதாகத் தெரிய இருபது முப்பது நிமிஷம் செல்லும்.

அந்த ரொடொப்சினை உண்டாக்க உடம்புக்கு விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் அடிபடுவது இந்தக் கோல்கள்தான். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை தட்டுத் தடுமாறும். மாலைக்கண் என்று நமது பாட்டிமார் சொன்னது அதைத்தான். கிளினிக்கில் சின்னப் பிள்ளைகளுக்கு விற்றமின் ஏ கொடுப்பது சும்மா கணக்குக்காக அல்ல. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, கரட், பூசணி, பப்பாசி, முட்டை, ஈரல் எல்லாவற்றிலும் விற்றமின் ஏ கிடைக்கும். கீரையைக் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்துச் சமைத்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் சீமையிலிருந்து வரும் மீனெண்ணெய் தடைப்பட்டபோது இந்தியாவில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கடல் மீனின் ஈரலில் அவ்வளவு விற்றமின் ஏ இருக்கிறது.

இதை எழுதும்போதுதான் “எங்க? எனக்கு ஒன்னும் தெரியலையே” என்று சொன்ன பையன் எமது நினைவுக்கு வந்தான். அவன் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் கொஞ்சம் ஆழத்துக்கும் போய் வர வேண்டும்.

கொழும்புக் கரையிலிருந்து மேற்கே சில பத்துக் கிலோமீற்றர் போனாலே கடல் ஆயிரம் மீற்றரைத் தாண்டி ஆழமாகிவிடுகிறது. இன்னும் போனால், 2,524 மீற்றர் உயரமான நமது பீதுருதாலகாலை மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலும் முழுதாக முங்கிப்போகும். அங்கே இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. முதலில் போவது சிவப்பு. பத்துப் பதினைந்து மீற்றரிலேயே இரத்தம் கூடக் கறுப்பாகத் தெரியுமாம். கடைசிவரை தாக்குப் பிடிப்பது நீலம். இருநூறு மீற்றருக்குக் கீழே அந்திக் கருக்கல்தான். ஆயிரம் மீற்றருக்குக் கீழே சூரியன் என்பதே கிடையாது.

அப்படியென்றால் அங்கே கண் எதற்கு என்று கேட்பீர்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கலிபோர்னியாக் கடலில் மேற்பரப்பிலிருந்து 3,900 மீற்றர் வரை கமெரா இறக்கிப் பல வருடம் பார்த்து 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நடுக்கடல் தண்ணீரில் கண்ட உயிர்களில் நான்கில் மூன்று பங்கு சொந்தமாக ஒளி விடக்கூடிய இனங்கள்! ஆகவே ஆழ்கடல் இருட்டு என்பது நமது மலையில் அமாவாசை இரவு போல் ஒன்று. மேலே வெளிச்சம் இல்லை, ஆனால் அங்கங்கே மின்மினி. அந்த மின்மினியைப் பார்ப்பதற்காகத்தான் அந்த மீன்களுக்குப் பெரிய பெரிய கண்கள். அவற்றின் விழித்திரையில் பெரும்பாலும் கோல்கள் மாத்திரம்தான். விளக்குகள் பெரும்பாலும் நீலம், கண்களும் நீலத்துக்கே பழகியவை. ஆழ்கடல் வெள்ளி மீன் ஒன்றுக்குக் கோல் நிறப்பொருளுக்கான மரபணு மாத்திரம் 38 இருப்பதாக 2019இல் கண்டுபிடித்தார்கள். நமக்கு இருப்பது ஒன்று.

எல்லாரும் நீலம் பார்க்கிற ஊரில் ஒரு மீன் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறது. அதன் தாடையைப் பார்த்தால் சதையே இல்லாமல் வெறும் எலும்புச் சட்டம் மாதிரி இருக்கும். கண்ணுக்குக் கீழே சிவப்பு ஒளி. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வெளிச்சம் தெரியாது. இதுவோ சிவப்பைப் பார்த்து இரையைப் பிடிக்கும். எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ந்தபோது, இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் உறவான ஒரு பொருள் அதன் கண்ணில் இருந்தது. நாம் தினமும் கொய்கிற கொழுந்தின் பச்சைக்கு ஆழ்கடலில் இப்படி ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்று யார் நினைத்தது?

ஆழ்கடல் மீன் நமது சட்டிக்கு வராது. ஆனால் விளக்கு வைத்த மீன் ஒன்று நமது சட்டிக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. காரல் மீன். சிங்களத்தில் கரல்லா என்பார்கள். தட்டையாக, வெள்ளிக் காசு மாதிரி, முள் நிறைந்தது. சம்பளம் போட்ட கிழமையில் கடையில் வாங்குகிற காரல் கருவாடும் அதுதான். அதன் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு சின்ன உறுப்பு. அதற்குள் கோடிக்கணக்கில் ஒளிவிடும் பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்கிறது, அவை மீனுக்கு வெளிச்சம் கொடுக்கின்றன. அந்த வெளிச்சம் உள்ளே இருக்கும் காற்றுப்பையில் பட்டுத் தெறித்து வயிற்றுப் பக்கமாகக் கீழே விழும். இது யாருக்கு? கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனின் கண்ணுக்கு. மேலே வானம் வெளிச்சமாக இருக்கும்போது காரல் கறுப்பு நிழலாகத் தெரிந்தால் அகப்பட்டுக்கொள்ளும். தன் வயிற்றிலும் அதே அளவு வெளிச்சம் போட்டுவிட்டால் நிழலே விழாது. வெளிச்சத்தை வைத்துக்கொண்டு ஒளிந்துகொள்கிறது! சில காரல் இனங்களில் ஆணின் விளக்கு பெண்ணினுடையதைவிடப் பெரியது. பெண்ணுக்குச் சைகை காட்டவும் அது பயன்படுகிறது. நாம் நாற்பது வருடம் காரல் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறோம், இதை இப்போதுதான் அறிகிறோம்.

இந்த ஒளி பக்டீரியாக்கள் கடலில் தனியாகவும் வாழ்கின்றன. தனித்து இருக்கையில் விளக்குப் போடாதாம். ஆட்கள் சேர்ந்தபின்தான் ஒரே நேரத்தில் போடுமாம், சங்கம் கூடின மாதிரி. 1995 ஜனவரி 25ஆம் திகதி இரவு, சோமாலியாக் கரைக்கு அப்பால் நமது இதே இந்து சமுத்திரத்தில் போன லிமா என்ற கப்பல், கடல் முழுதும் பால் ஊற்றினது போல் வெளுத்திருக்க அதற்குள் மணிக்கணக்காக ஓடியது. மாலுமிகள் எழுதி வைத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானிகள் பழைய செய்மதிப் படங்களைத் தேடினார்கள். ஏறக்குறைய 15,400 சதுர கிலோமீற்றர், அதாவது நமது இலங்கையில் நாலில் ஒரு பங்கு அளவு, மூன்று இரவுகள் ஒளிர்ந்திருப்பது தெரிந்தது. 2005இல்தான் அது வெளியானது. அதுவரை கப்பற்காரரின் கட்டுக்கதை என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

அழகைச் சொன்ன நாம் கெடுதியையும் சொல்ல வேண்டும். நொக்டிலூக்கா அளவுக்கு மீறிப் பெருகினால் கடலுக்கு மூச்சு முட்டுகிறது. 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பக்கத்தில், கடல் பச்சையாகக் குழம்பியது. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. முருகைக்கற்களும் செத்ததைத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் முங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சின்ன உயிர்கள் பெருகுவதற்குப் பல காரணம் உண்டு. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் உரச்சத்தும் சாக்கடையும் அவற்றில் ஒன்று. ஹெந்தளைக்குச் சற்றுத் தெற்கே கடலில் விழும் ஆறு எது? களனி கங்கை. அது எங்கிருந்து வருகிறது? சிவனொளிபாதமலைப் பக்கத்திலிருந்து, மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து வருகிறது. நமது மலையில் உரம் போட்ட மறுநாள் கொட்டும் மழை கான் வழியே ஓயாவில் இறங்கிக் கடைசியில் அந்தக் கடலுக்குத்தான் போகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் மீனவப் பெரியவரை நினைத்துக்கொண்டார்கள்.

இனி அந்தப் பையனுடைய விஷயம். அவனுடைய தகப்பனாரிடம் கேட்டு, பெயர் போடாமல் எழுதுகிறோம். பதின்மூன்று வயது. படிப்பில் பகலில் கெட்டிக்காரன். பின்னேர வகுப்புக்கு வரமாட்டான். சோம்பேறி என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன் திருவிழாவில் பொழுதுபட்ட நேரம் தேத்தண்ணி வாளியைத் தட்டிக் கொட்டினான் என்று நாமே எல்லாருக்கும் முன்னால் ஏசியிருக்கிறோம். கோல்களைப் பற்றிப் படித்த அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனோம். பொழுது சாய்ந்ததும் இஸ்தோப்புப் படியை அவன் காலால் தடவித் தடவி இறங்குவதைக் கண்ணால் கண்டோம். தாய், “சின்னதில இருந்தே அப்படித்தான் ஐயா, பராக்குப் பார்க்கிறவன்” என்றார்.

டிஸ்பென்சரி டாக்டரின் கடிதத்தோடு கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். விற்றமின் குறைவாக இருக்கும், மருந்தோடு சரியாகிவிடும் என்றுதான் நாம் நம்பியிருந்தோம். டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். இது சத்துக் குறைவு அல்ல, பரம்பரையாக வரும் நோய், கோல்கள் மெல்ல மெல்லத் தேய்கின்றன என்றார். முதலில் இருட்டில் தெரியாது, வருடக் கணக்கில் பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கக் கூடும், ஆளுக்கு ஆள் வேறுபடும். தேய்ந்ததைத் திருப்பிக் கொண்டுவர அங்கே மருந்து இல்லை. பகல் பார்வை இப்போது நன்றாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வர வேண்டும், தங்கையையும் கூட்டி வாருங்கள் என்றார். தகப்பனார் வெளியே வந்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, “எத்தனை தரம் அடிச்சிருப்பேன்” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பையன் யன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தான். ஆழ்கடல் மீன் கதையை அவனுக்குச் சொன்னோம். அதற்குக் கூம்பு இல்லை, கோல் மாத்திரம்தான் என்றதும், “அப்ப அத மேல கொண்டாந்தா பகல்ல அதுக்குக் கண் கூசிப் போகுமா சேர்?” என்றான். போகும் என்றோம். “அதுக்குப் பகல் இல்ல. எனக்கு ராத்திரி இல்ல” என்று சொல்லிவிட்டுக் கொழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வகுப்பில் முன் வாங்குக்கு அவனை மாற்றியாயிற்று. பின்னேர வகுப்பை அவனுக்காக இரண்டு மணிக்கு வைக்க ஆசிரியர் இணங்கியிருக்கிறார். அவனுடைய லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு பல்ப் போட்டுத் தருவதாகத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள், போட்டவுடன் எழுதுகிறோம். தங்கைக்கான கிளினிக் அடுத்த மாதம். பொழுதுபட்டபின் படி தடவுகிற, பந்து தேடத் தெரியாத, அந்தி விளையாட்டில் ஒதுங்கி நிற்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், அதே பஸ்ஸில் கூட்டிப் போக இடம் இருக்கிறது. பிரட்டு முடிந்ததும் எமது காரியாலயத்தில் பெயர் கொடுக்கலாம்.